ஒரே ஒரு மாணவனின் சீருடை

டென்மார்க்கில் பள்ளிக்கூடச் சீருடை என்று ஒன்று கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனாலும் எண்பத்தைந்தாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலிருந்து ஒக்டோபர் கடைசி வரைக்கும் ஹேர்னிங் நகரத்தில் ஒரு மாணவன் ஒரு நாள்கூடத் தவறாமல் சீருடை அணிந்து பள்ளிக்கூடம் போனான். பொத்தான் குறையாமல், மடிப்புக் கலையாமல் போனான். அந்த மாணவன் நான். இதை என் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் டேனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஏன்?" நாற்பது வருடமாக நானும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா எங்களுக்கு ஒரு வருடம் முந்தியே வந்து சேர்ந்து, காலுறை, எங்கள் பேச்சில் கால்மேசு, பின்னுகிற தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் ஜூலையில் வந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மா யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ரீச்சராகி, நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் ஒரு பார்வையால் அடக்கி வைத்திருந்தவர். ஹேர்னிங்குக்கு வந்த அம்மா அந்த அம்மா இல்லை. குசினி யன்னலோரம் ஒரு நாற்காலி கிடந்தது. சமைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதில் இருந்து, கீழே கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கறியில் ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு நாள் உப்பும் சேர்ந்து இருக்கும். இதையெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமற் போனது, அம்மா அவரை ஏசுவதை நிறுத்தியதுதான். ஒரு நாள் புதுக் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அம்மா "ம்" என்றார். பத்து வருடத் தாம்பத்தியத்தில் அப்பா உண்மையாகப் பயந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் பதியப் போனோம். விடுமுறைக் காலம். கந்தோரில் ஒரு பெண்மணி மட்டும் இருந்தார். அம்மா ஆங்கிலத்தில் கேட்ட முதற் கேள்வி, என்ன பாடம் என்றோ எந்த வகுப்பு என்றோ அல்ல. சீருடை என்ன நிறம் என்று கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்து, அப்படி ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு விருப்பமானதைப் போட்டுவிடுங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் அம்மா இரண்டு கிழமைக்குப் பிறகு அப்பாவோடு ஒரு முழு வசனம் பேசினார்.

"யூனிபோம் இல்லாத பள்ளிக்கூடம் ஒண்டு உலகத்திலை இருக்குமோ?"

"அப்பிடித்தானே அவ சொன்னவ," என்றார் அப்பா.

"அவ எங்களைப் பாத்து இரங்கிச் சொல்லியிருக்கிறா. அகதிச் சனம், தைக்க வழியில்லாததுகள் எண்டு. நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் ஒழுங்கா வர, என்ரை பிள்ளை மட்டும் ஊத்தைச் சேட்டோட நிக்கும். நீங்கள் ஒரு வருஷமா இஞ்சை இருக்கிறியள். பிள்ளையள் என்னத்தைப் போட்டுக்கொண்டு போகுதுகள் எண்டு ஒரு நாளும் பாக்கேல்லையோ?"

"இஞ்சரும், நான் வேலைக்கு வெளிக்கிடேக்கை பிள்ளையள் நித்திரை. வரேக்கை அதுகள் விளையாட்டு. இடையிலை நான் காணுறதெல்லாம் கால்மேசு."

தெருவில் பிள்ளைகள் கண்ட கண்ட உடுப்போடு திரிகிறார்களே என்று அப்பா மெதுவாக ஒரு சாட்சியத்தை முன்வைத்துப் பார்த்தார். "அது லீவு," என்று அம்மா வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

யாரிடம் கேட்பது? அம்மாவைப் பொறுத்தவரையில், பள்ளிக்கூட விஷயத்தில் பொய் சொல்லாத ஒரே இனம் கன்னியாஸ்திரிகள். எங்கள் கோயிலில் ஒருவர் இருந்தார். சுவிற்சர்லாந்தின் தெற்கே, இத்தாலி எல்லையோரம் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். சிறிய சிவப்புக் காரைக் கன்னியாஸ்திரிக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டுவார். ஹேர்னிங்கில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கரை ஞாயிறு பூசை முடிய ஒவ்வொரு வீடாகப் பார்க்க வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்து கோப்பி குடித்தார்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேவையானதை நேரே கேட்பது எங்களில் பிச்சை கேட்பதற்கு அடுத்த வீடு. "இங்கே பள்ளிக்கூடத்துக்கு என்ன சீருடை?" என்று அம்மா கேட்டிருந்தால், சிஸ்டர் அடுத்த நாளே அதை ஒரு பார்சலாகக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஏற்கெனவே அவர் தந்த ஒரு கோட்டுக்குள் நானும் இன்னொரு பையனும் குடியிருக்கலாம். ஆகையால் அம்மா சுற்றி வளைத்துக் கேட்டார்.

"சிஸ்டர் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது என்ன உடுத்துவீர்கள்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் சிஸ்டரிடம் முப்பது வருடமாகக் கேட்டிருக்கமாட்டார்கள். அவருடைய முகம் விளக்கேற்றியது போல ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கல் கட்டடத்துக்கு முன்னால் இருபது பிள்ளைகள். பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே மாதிரி. முழங்கால் வரை தொங்கும் கறுப்பு அங்கி, முதுகுப் பக்கம் பொத்தான், கழுத்தைச் சுற்றித் தட்டுப் போல ஒரு வெள்ளைக் கொலர். பையன்களின் அரைக் காற்சட்டை அங்கிக்குக் கீழே எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொடை வரைக்கும் ஏறிப் போகும் தடித்த கம்பளிக் கால்மேசு. காலில் மரத்தால் அடி வைத்த சப்பாத்து. அந்தக் கால்மேசு எப்படிக் கீழே வழியாமல் நின்றது என்பதைச் சிஸ்டர் சிரித்துச் சிரித்து விளக்கினார். உள்ளே ஒரு துணிக் கச்சை, அதிலிருந்து நான்கு இலாஸ்ரிக் நாடா, நாடா நுனியில் பொத்தான், பொத்தானில் கால்மேசு.

உலகச் சண்டைக் காலம் அது, துணிக்கும் நூலுக்கும் பங்கீடு என்றும் சிஸ்டர் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அது விசேஷமான தகவலாகப் படவில்லை. சண்டை நடந்தால் சீருடை மாறுமா என்ன? படம் நாற்பது வருடத்துக்கு முந்தியது என்பதும் அம்மாவைத் தடுக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இடுப்புப் பட்டியின் அகலம்கூட நாற்பது வருடத்தில் மாறியதில்லை. அது சுவிஸ், இது டென்மார்க் என்று அப்பா இழுத்தார். "எல்லாம் ஐரோப்பாதானே," என்றார் அம்மா. நான்கு கிழமைக்கு முதல் ஐரோப்பாவைத் தேசப்படத்தில் மட்டும் பார்த்தவர், அதை இப்போது ஒரே கல்வி வலயமாக அறிவித்துவிட்டார்.

சிஸ்டரிடம் படத்தை இரவல் வாங்கி, கோயில் மண்டபத்தில் சும்மா கிடந்த தையல் மெஷினையும் கேட்டு வாங்கி, அம்மா வேலையைத் தொடங்கினார். அப்பா தொழிற்சாலைகளின் வெட்டுத்துணிக் கடையொன்றில் கறுப்புத் துணி வாங்கி வந்தார். கால்மேசுக்குப் பஞ்சமில்லை. அவருடைய தொழிற்சாலையில், நரம்பு புடைத்த வயோதிபப் பெண்களுக்கென்று தடித்த பழுப்பு நிறத்தில் ஒன்று செய்தார்கள். அதில் பிழைபட்டவற்றை வேலையாட்களுக்குக் கொடுப்பதுண்டு. படத்தில் எல்லாப் பிள்ளைகளின் முழங்காலிலும் வேறு நிறத்தில் ஒரு துண்டு தெரிந்தது. அது கிழிந்த இடத்துக்குப் போட்ட ஒட்டு என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. இருபது பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் இருந்தால் அது விதி. எனக்கும் இரண்டு முழங்காலிலும் சதுரமாக வெட்டித் தைத்தார். மரச் சப்பாத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, தெருமுனைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக மரச் சப்பாத்துகள் இருந்தன. டென்மார்க்கில் தோட்டம் கொத்துகிறவர்கள் போடுவது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வழக்கில் வென்ற களை இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் தையல் அல்ல. தைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், மெஷின் சத்தத்துக்கு மேலாக அம்மாவின் குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ! இந்தக் கத்தரிக்கோலாலை மீன் செட்டை வெட்டினது ஆர்? துணி வெட்டுற சாமானெல்லோ இது? மனுசனுக்கு அறிவெண்டு ஒண்டு வேண்டாமோ?"

அப்பா கூடத்தின் நடுவே நின்று, தலை குனிந்து, முழு ஏச்சையும் வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று கறியில் உப்பு சரியாக இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் நல்ல வெயில். அகதிகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு தாடிக்காரர் என்னை முதல்நாள் கூட்டிப்போகக் காரில் வந்தார். அம்மா கதவைத் திறந்து என்னை முன்னே தள்ளினார். தாடிக்காரர் கொலரிலிருந்து தொடங்கி, முழங்கால் வழியாக இறங்கி, மரச் சப்பாத்தில் வந்து நின்றார். சற்று நேரம் எடுத்தது. "ஃபீன்த்," என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்டு மக்களின் மரியாதையைப் பற்றி நான் பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். அது ஒரு பெரிய ஆபத்து. யாராவது ஒருவர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்திருந்தால், இந்தக் கதை இந்தப் பந்தியோடு முடிந்திருக்கும்.

வகுப்பறைக்குள் போனதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிவப்பு, மஞ்சள், கோடு, கட்டம், ஜீன்ஸ், தோள்வரை கிழிந்த பெனியன். ரீச்சரும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேசைமேல் ஏறி இருந்தார். அவரைப் பிள்ளைகள் லிஸ்பெத் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யென்ஸ் என்ற வெள்ளைமுடிப் பையன் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டான். நான் உட்கார்ந்தேன். தடித்த கால்மேசுக்குள் கால் இரண்டும் அவிந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு ஓடிவந்தேன், சொல்லிவிடுவோம் என்றுதான். அம்மா வாசலிலேயே நின்றார். கையில் மா ஒட்டியிருந்தது. எனக்காக ஏதோ பலகாரம் சுட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் குசினி யன்னலோரத்து நாற்காலி வெறுமையாகத் தெரிந்தது.

"என்ன மாதிரி? எல்லாப் பிள்ளையளும் இதே யூனிபோமோ?"

"ஓம்," என்றேன்.

"ஒரு வித்தியாசமும் இல்லையோ? வடிவாப் பாத்தனியோ?"

ஒன்பது வயதில் எனக்கு உலக அனுபவம் குறைவு. ஆனாலும் பொய்க்குச் சின்னக் குறை ஒன்று வைத்தால்தான் அது உண்மை போல இருக்கும் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. "கொலர்தான்... அவையின்ரை கொஞ்சம் சின்னன்," என்றேன்.

அன்று பின்னேரமே கொலர் இரண்டு விரல் குறைந்தது. அடுத்த கிழமை, முழங்கால் துண்டைப் பற்றிக் கேட்டார். எங்கள் வகுப்புக்குப் பச்சை, மேல் வகுப்புக்கு நீலம் என்று சொன்னேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது. அம்மா முகம் மலர்ந்து, "அதுதானே பாத்தன்!" என்றார். இரண்டு துண்டும் பச்சையாயின. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். அது முழங்காலில் வந்து ஒட்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பள்ளிக்கூடம் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால், சின்னப் பைன் காடு ஒன்றைத் தாண்டினால் வந்துவிடும். யன்னலில் இருந்து பார்த்தால் தெரியாது. அம்மா தனியே வெளியே வருவதில்லை. ஆனால் நான் தனியே போவதைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்கவில்லை. "யூனிபோம் போட்டிருக்கிறாய்தானே, ஒரு பயமும் இல்லை. நேராப் போ, நேரா வா," என்பார்.

உடற்பயிற்சிப் பாடம் ஒன்றும் வந்தது. உடுப்பு மாற்றும் அறையில் அங்கியைக் கழற்றியபோது துணிக் கச்சையும் நான்கு இலாஸ்ரிக் நாடாவும் வெளிச்சத்துக்கு வந்தன. பத்துப் பையன்கள் சுற்றி நின்றார்கள். யென்ஸ் ஒரு நாடாவை மெதுவாக இழுத்து விட்டான். அது "டப்" என்று என் தொடையில் அடித்தது. பிறகு மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான். எனக்கு டேனிஷ் தெரியாத காலம். ஆகவே தலையாட்டினேன். பரசூட்டில் குதிக்கவா அது என்று கேட்டானாம். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டதற்கு அதுதான் காரணம் என்று இரண்டு வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

செப்டெம்பரில் ஒரு நாள், வேலை நேரத்தோடு முடிந்து, அப்பா சைக்கிளில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எல்லா நிறங்களும் வந்தன. கடைசியில் நான் வந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டு வழியில் நடந்தோம். பாதி வழியில் நின்றார்.

"முதல் நாளிலை இருந்து இப்பிடியே?"

"ஓம்."

"பெடியள் நக்கலடிக்கிறாங்களோ?"

"இல்லை. இழுத்துப் பாக்கிறாங்கள்."

அப்பா என் கொலரை நேராக்கிவிட்டார். "இஞ்சை பார். உன்ரை கொம்மா இப்பத்தான் திரும்ப என்னை ஏசத் தொடங்கியிருக்கிறா. கெடுத்துப்போடாதை."

இப்படியாகக் குற்றவாளிகள் இருவரானோம். அப்பாவின் பங்களிப்பு என்னுடையதைவிட மோசம். பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளை இதே யூனிபோமில் கண்டதாக அவர் தானாகவே வந்து சொன்னார்.

ஒக்டோபரில் லிஸ்பெத் ஒரு நாள் சுவரில் பெரிய தேசப்படத்தை மாட்டினார். இலங்கையைக் காட்டினார், என்னைக் காட்டினார். யானைப் படம், தென்னைமரப் படம், தேயிலைப் படம். பிறகு என்னை வகுப்பின் முன்னால் நிற்கவைத்து, கறுப்பு அங்கியைத் தொட்டுக் காட்டி, "ஸ்ரீலங்கா?" என்று கேட்டார். அவருடைய குரலில் எவ்வளவு பரிவு இருந்தது என்றால், இல்லை என்று சொல்வது அநாகரிகம் போலப்பட்டது. தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் அந்த நாட்களில் எனது தாய்மொழி. எல்லாரும் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு வரையத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு அது டென்மார்க்கின் உடை. டென்மார்க்குக்கு அது எங்கள் உடை. அது யாருடைய உடை என்று தெரிந்த ஒரே ஆள் சிவப்புக் காரில் திரிந்தார்.

அதன் பின்னர் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை வாசித்து, மடித்து, பழைய பத்திரிகைக் கட்டுக்கு அடியில் வைத்தார். எங்கள் திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை, பழைய பத்திரிகைகளைச் சேகரிக்க வந்தவர் சிஸ்டர் என்பதுதான். கடிதத்தை எடுத்து அம்மாவுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி, "நானே கூட்டிப்போகிறேன்," என்று சொல்லிவிட்டார். அப்பா அன்று பார்த்துத் தனக்குப் பின்னேர வேலை இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கூட்டம் ஆறு மணிக்கு. பிள்ளைகளும் வரலாம், கேக் உண்டு. சிஸ்டரின் காரில் பின்னால் இருந்து நான் பதுவை அந்தோனியாரிடம் ஒரு சிறிய உதவி கேட்டேன். பள்ளிக்கூடம் தீப்பற்ற வேண்டும், ஒருவருக்கும் காயம் படக்கூடாது. அம்மா நல்ல நீலப் பட்டுச்சேலை உடுத்தி, மேலே கோட் போட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் இருந்த அம்மா இப்படி நிமிரவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அந்த முதுகு வளைந்துவிடும், நாளைக்கு யன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடும், கறியில் உப்பு இருக்காது. எல்லாம் என்னால்.

வகுப்பறைக் கதவைத் திறந்தோம். முதலில் பிள்ளைகள். அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், கோடு, ஜீன்ஸ். கூட்டத்துக்காக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய பார்வை சுவருக்குப் போய்விட்டது.

சுவர் நிறைய நான். இருபத்திரண்டு நான். தென்னைமரத்தடியில், யானைக்கு மேல், கடலோரத்தில். எல்லாவற்றிலும் கறுப்பு அங்கி, வெள்ளைக் கொலர், பழுப்புக் கால்மேசு. யென்ஸ் வரைந்த படத்தில் நான் பரசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் முழங்காலில் இரண்டு பச்சைச் சதுரம், ஒருவர்கூடத் தவறவிடவில்லை.

சிஸ்டர் "மதோன்னா!" என்று தன் பாஷையில் மாதாவைக் கூப்பிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. தன்னுடைய கிராமத்துப் பள்ளிக்கூடத்தை அவர் யானைமேல் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

லிஸ்பெத் முகமெல்லாம் மகிழ்ச்சியாக வந்து, அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போனார். உங்கள் நாட்டுப் பாரம்பரிய உடையைப் பற்றி எங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாற்பது பெற்றோர் கேக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா திரும்பி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். யாழ்ப்பாணத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய பார்வை. சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா சுவரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு வகுப்பெடுக்கும் குரலில், சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாகச் சொன்னார்:

"இது சண்டைக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் உடுப்பு. துணி கிடைப்பது கஷ்டம். உள்ளே என்ன கிழிந்திருந்தாலும் இந்த அங்கி மறைத்துவிடும். முழங்காலில் இருப்பது ஒட்டு. பச்சை நிறம் மட்டும் என்னுடைய மகனின் யோசனை."

எல்லாரும் கை தட்டினார்கள். யாருடைய நாட்டைப் பற்றியும் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நான் பெரியவனான பிறகு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, பச்சை விஷயத்தில் பிடிபட்டுவிட்டேன் என்பது மட்டும்தான்.

கை தட்டல் ஓய்ந்ததும் அம்மா லிஸ்பெத்திடம் மெதுவாக ஒன்று கேட்டார். "இங்கே ஒருவருக்கும் யூனிபோம் இல்லை என்றால், தெருவில் போகிறபோது இது பள்ளிக்கூடப் பிள்ளை என்று எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரிய வேண்டும்?" என்று லிஸ்பெத் கேட்டார். கேலியாக அல்ல. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது சிஸ்டர் வழமைக்கு மாறாக மெதுவாகக் கார் ஓட்டினார். என்னால்தான் எல்லாம் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னார். "என்னுடைய தம்பி ஒரு சனிக்கிழமை மண்ணெண்ணெய் வாங்கப் போனவன். உடுத்தியிருந்தது சாரமும் சேட்டும். அவனோடு படித்த பையன் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையுமாக எதிரில் வந்திருக்கிறான். சந்தியில் இராணுவம் இரண்டு பேரையும் மறித்தது. அந்தப் பையனை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்." சிஸ்டர் ஒரு கையால் சிலுவை அடையாளம் போட்டார். பின்னால் இருந்த நான் கேக்கின் கடைசித் துண்டைத் தின்றுகொண்டிருந்தேன். மாமாவின் கதை எனக்குத் தெரிந்ததுதான். அதில் உடுப்பும் வரும் என்பது மட்டும் புதிது. அதைப்பற்றி யோசிக்க எனக்கு அன்று நேரமில்லை. நாளை முதல் ஜீன்ஸ் போடலாமா என்பதுதான் என் கேள்வி.

போடலாம் என்று ஆனது. அடுத்த சனிக்கிழமை வாங்கித் தந்தார்கள். அம்மா நாற்காலிக்குத் திரும்பவில்லை. அப்பாவுக்கு, பஸ்ஸில் கண்ட இரண்டு பிள்ளைகளுக்காக, ஒரு மாதத்துக்குப் போதுமான ஏச்சு கிடைத்தது. அவர் நிம்மதியாக இருந்தார். நானும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை நான் ஜீன்ஸோடு படியிறங்கியபோது, அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் வந்தார். காட்டு வழியே பத்தடி பின்னால் வருவார். நான் வேகமாக நடந்தால் வேகமாக வருவார். பள்ளிக்கூட வாசலில் நின்று, நான் உள்ளே போனதும் திரும்புவார். மதியம் அதே இடத்தில் நிற்பார். யூனிபோம் போட்டிருந்த காலத்தில் தனியே விட்டவர், இப்போது நான் மற்றவர்களைப் போல ஆன பிறகு ஏன் காவல் வருகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. யென்ஸ் இப்போது காட்டு முனையில் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தான். ஆகவே வெட்கமும் சேர்ந்துகொண்டது.

முதல் பனி விழுந்த காலை. வீதியைக் கடக்க நான், யென்ஸ், பின்னால் அம்மா. ஒரு பொலிஸ் கார் எங்களுக்காக மெதுவாகி நின்றது. உள்ளே இருந்த பொலிஸ்காரர், போங்கள் என்று கையைக் காட்டினார். அம்மா ஓடிவந்து ஒரு கையால் என் தோளைப் பிடித்தார். மறுகை கைப்பைக்குள் போய் ஒரு காகிதத்தை எடுத்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பதிந்தபோது தந்த கடிதம், முத்திரை குத்தியது. அதை விரித்து, காரின் கண்ணாடிக்கு நேராக, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார், ஒன்றும் விளங்காமல் சிரித்தார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கார் போய் மூலையில் திரும்பும்வரை அம்மா காகிதத்தைத் தாழ்த்தவில்லை.

எனக்கு அவமானத்தால் காது சுட்டது. அது என்ன, உன் அம்மா என்ன காட்டினார் என்று யென்ஸ் கேட்டான். என் அம்மாவுக்குப் பொலிஸ்காரர் என்றால் மிகவும் பிடிக்கும், நான் பள்ளிக்கூடம் போவதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் சொன்னேன். யென்ஸ் நம்பினான். நானும்தான்.